பாதைக் காசு

வரி கேட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் அழுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வரி கேட்காமல் தாண்டிப் போய்விட்டான் என்று அழுதவள் பொன்னி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆடி மாதம். கடலுக்குப் போன அவள் புருஷன் தேசிங்கு பிணமாகக் கரை சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. ஊர் வரி வசூலிக்கிற மாதத் தண்டலுக்கு வழக்கம்போல் பழனிவேல் வந்தான். பொன்னி அரிசிப் பானைக்குள்ளிருந்து வரிப் பணத்தை எடுத்துக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். புருஷன் போய்விட்டான், வருமானம் போய்விட்டது, ஆனாலும் ஊருக்குச் செலுத்த வேண்டியதை நிறுத்தக் கூடாது என்று யாரிடமோ கைமாற்று வாங்கி வைத்திருந்த பணம். பழனிவேல் பக்கத்து வீட்டில் வாங்கினான். பொன்னி வீட்டுக்கு நேரே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சம் வேகமாக நடந்து, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றான்.

"பழனி, இந்தா" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கு இல்ல அண்ணி. அண்ணனோட வரி விழுந்துபோச்சு. ஊருல சொல்லிட்டாங்க. நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

செல்லாண்டிக்குப்பம் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கிற ஊர். அங்கே கல்யாணமான ஆண் ஒருவன் என்றால் ஒரு வரி. வரி கட்டுகிறவன் வரிக்காரன். கோயில் திருவிழாவில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கு கொடுப்பது வரிக்காரனுக்கு. சுனாமிக்குப் பிறகு வந்த வலையும் போட்டும் அரிசி மூட்டையும் பிரிந்தது வரிக் கணக்கில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. வரி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஊரில் ஒரு போட்டும் கடலில் இறங்காது. எவ்வளவு மீன் துள்ளினாலும் சரி, இறங்காது. தேசிங்கு செத்த அன்று கடற்கரை முழுக்கப் போட்டுகள் இறங்காமல் வரிசையாகக் கிடந்தன. பொன்னி அவ்வளவு அழுகையிலும் அதைப் பார்த்தாள். என் புருஷனுக்காக ஊரே வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு அவளைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது.

ஆம்பளை போனால் வரி போகும். மகன் இருந்து, அவனுக்குக் கல்யாணமானால் புது வரி பிறக்கும். பொன்னிக்கு இருந்ததோ ஒரே மகள், இசைவாணி. ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வாக்கப்பட்டுப் போகும் வீட்டில்தான் அவளுக்கு வரி. ஆக, இந்த வீட்டில் இனி யாரும் வரிக்காரர் இல்லை. ஊர் இதைத் தண்டனையாகச் செய்யவில்லை, இரக்கப்பட்டுத்தான் செய்தது. அதுதான் கொடுமை. தண்டனை என்றால் மண்ணை வாரித் தூற்றலாம். இரக்கத்தை என்ன செய்வது?

பொன்னி மீன் கூடையைத் தூக்கினாள். சிதம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றாள். விற்பதைவிடப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. கூடையைப் பார்த்ததும் பஸ்ஸில் மூக்கைப் பொத்துவார்கள். ஏறியவளை முட்லூரில் இறக்கிவிட்ட நாளும் உண்டு. ஐஸ் கரைந்து தண்ணீர் முதுகில் வழிய, ரோட்டோரத்தில் நின்று அடுத்த வண்டிக்குக் கை காட்டுவாள். ஷேர் ஆட்டோக்காரனுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பார்த்தால் அழுகைதான் வரும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மகளிர் குழுக் கடன் கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போய், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கரண்டு ஸ்கூட்டர் வாங்கினாள். பச்சை நிறம். விற்ற பையன் வாய் ஓயாமல் பேசினான்.

"அக்கா, இதுக்கு லைசென்ஸ் வேணாம். நம்பர் பிளேட் வேணாம். ரோடு டாக்ஸ் சுத்தமா கிடையாது. பெட்ரோலும் கிடையாது. வூட்டுல செல்லுக்குச் சார்ஜ் போடுற மாதிரி போட்டுட்டுப் படுத்துட வேண்டியதுதான். கெவுருமெண்ட்டு உங்கள ஒண்ணுமே கேக்காது!"

இசைவாணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பொன்னிக்கு மட்டும் அந்தக் கடைசி வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. இங்கேயும் ஒன்றும் கேட்க மாட்டார்களாமே.

அந்த வண்டியைப் பற்றி ஊர் செய்த கிண்டலுக்கு அளவில்லை. சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை முந்திக்கொண்டு போய் டாட்டா காட்டுவார்கள். பின்னால் கூடையும் முன்னால் ஐஸ்பெட்டியும் வைத்துப் பாலத்து ஏற்றத்தில் ஏறினால் முனகிக்கொண்டே நின்றுவிடும், பொன்னி இறங்கித் தள்ளுவாள். ஆனால் சத்தம் மட்டும் கிடையாது. பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. "பொன்னி வண்டி வருதா, பேய் வருதான்னு தெரியல" என்பார்கள். சிதம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த கொளஞ்சியம்மாள், கடைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொன்னாள். "நீ தின்னுறியோ இல்லியோ, உன் வண்டிக்கு வேள தவறாம சோறு போடணுமாட்டம் இருக்கு" என்று சிரிப்பாள். அந்தக் கரண்டுக்குப் பதிலாகப் பொன்னி தினமும் ஒரு கூறு மீன் கொடுத்துவிடுவாள். கொளஞ்சியம்மாள் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வாள். அப்படி வாங்கிக்கொண்டதனாலேயே பொன்னிக்கு அவளைப் பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் பங்குனியில் ராசம்மாள் செத்தாள். பொன்னிக்குப் பக்கத்து வீடு, பிள்ளையில்லாதவள், புருஷனைப் பறிகொடுத்துப் பல காலம் ஆனவள். இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வாக்கப்பட்டவள். விடியற்காலை உயிர் போயிற்று. பொன்னியும் இன்னும் இரண்டு பெண்களும் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது கரையில் முதல் என்ஜின் உறுமியது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. எந்தச் சத்தம் எவன் போட்டுடையது என்று பொன்னிக்குத் தெரியும். ஒன்று விடாமல் எல்லாம் போயின. யாருக்கும் ராசம்மாள் மேல் கோபமில்லை. சாயங்காலம் திரும்பி வந்து எல்லோருமே சுடுகாட்டுக்கு வந்தார்கள், சிலர் அழவும் செய்தார்கள். வரி இல்லாத வீட்டுச் சாவு, அவ்வளவுதான்.

பொன்னியின் கையில் தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. எனக்கும் இதே சத்தம்தான் கேட்கப் போகிறது என்று நினைத்தாள். கேட்க நான் இருக்க மாட்டேன், என் மகள் இருப்பாள். என்னைக் கழுவும்போது அவள் இந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாது. அன்றைக்கு அவள் மனதில் விழுந்த முடிச்சு அதுதான். சாவதற்குள் எப்படியாவது ஊர் வரிக்குள் திரும்பப் போய்விட வேண்டும்.

வழி ஒன்று தானாகவே வந்தது. அதுவும் சண்டையாக வந்தது.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் பாதை அரசாங்கம் போட்டது அல்ல, ஊர் போட்டது. ஒவ்வொரு மழைக்கும் கரைந்து போகும், ஒவ்வொரு தையிலும் செம்மண்ணும் கப்பியும் கொட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு ஊர் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. பெட்ரோல் பங்க் வெகு தூரம் என்பதால், ஊர் முனையில் கடை வைத்திருந்த லூர்துசாமிதான் எல்லோருக்கும் பாட்டிலில் பெட்ரோல் விற்பார். பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்கி ஊருக்குக் கட்டிவிடுவார். அதற்குப் பேர் பாதைக் காசு. எவன் ஜாஸ்தி ஓட்டுகிறானோ அவன் ஜாஸ்தி பெட்ரோல் போடுவான், அவன் ஜாஸ்தி கட்டுவான். இதைக் கண்டுபிடித்த ஊர்த் தலைவர் கலியமூர்த்திக்கு அதில் ஏகப் பெருமை. பட்டணத்துக்காரன்கூட இப்படி யோசிக்க மாட்டான் என்பார்.

பொன்னி வண்டி பெட்ரோல் குடிக்காதே! லோடு ஆட்டோ வைத்திருந்த சுரேந்தர் ஒருநாள் கடையில் இதை எடுத்துவிட்டான்.

"தெனம் நாலு பாட்டில் ஊத்துறேன். ஒவ்வொண்ணுக்கும் பாதைக் காசு அழுவுறேன். பொன்னி சித்தி அதே பாதையிலதான் போவுது, வருது. ஒரு பைசா உண்டா? ரோட்டுல போற வண்டிக்குத்தான ரோட்டுக் காசு? அது பெட்ரோல் குடிச்சா என்னா, கரண்டு குடிச்சா என்னா?"

"டேய், அவ வண்டியும் உன் வண்டியும் ஒண்ணா? பாதையில பள்ளம் பறிக்கிறது உன் டயருடா. அவ வண்டி போனா மண்ணுல கோடுகூட விழாது" என்றார் லூர்துசாமி.

"கோடு விழுதோ இல்லியோ, போவுதில்ல? மழைக் காலத்துல சேத்துல மாட்டிக்கிட்டு ரோடு சரியில்லன்னு அதுவுந்தான திட்டுது? அப்ப காசு மட்டும் எங்களுதா?"

கடையில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சாயங்காலம் வரை பேசினார்கள். சேதியைப் பொன்னியிடம் கொண்டுவந்தவள், அவள் வருத்தப்படுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னாள். பொன்னிக்கோ சந்தோஷம் பொங்கியது. நான்கு வருஷத்தில் முதல் முறையாக ஒருவன், நீ ஊருக்குத் தர வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். சுரேந்தர் அந்த நேரம் எதிரே வந்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அமாவாசைக்கு மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. பெண்கள் கூட்டத்தில் உட்காரும் வழக்கமில்லை. பொன்னி மதில் ஓரமாக வந்து நின்றாள். பேச்சு அவள் வண்டிக்கு வந்ததும் முன்னால் நகர்ந்தாள்.

"சுரேந்தர் சொல்றது நாயந்தான் மாமா" என்றாள் கலியமூர்த்தியைப் பார்த்து. அவர் தேசிங்குக்குத் தாய்மாமன் முறை. "நானும் அந்தப் பாதையிலதான் போறேன். பெட்ரோல் போடலன்னா அதுக்கு ஒரு ரேட்டு போடுங்க. மாசா மாசம் பழனி தண்டலுக்கு வரும்போது குடுத்துடுறேன்."

தண்டலுக்கு வரும்போது என்று சொன்னபோது அவள் குரல் நடுங்கிவிட்டது. அதைத்தான் ஊர் தப்பாக எடுத்துக்கொண்டது. தாலியறுத்தவள், ரோஷப்பட்டு, அவமானத்தில் நடுங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுரேந்தருக்கே முகம் தொங்கிப்போயிற்று. "சித்தி, நான் ஏதோ வாய்த்துடுக்குல சொல்லிட்டேன்" என்று எழுந்தான்.

கலியமூர்த்தி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். நல்ல மனிதர். ஊர்ப் பணத்தில் டீ குடிக்காதவர். ஆனால் நல்லது செய்யும்போது நான்கு பேர் பார்க்க வேண்டும் என்கிற சின்ன ஆசை அவருக்கு உண்டு.

"கெவுருமெண்ட்டே அந்த வண்டிக்கு டாக்ஸு வேணாங்குது. நம்ம ஊரு கெவுருமெண்ட்டவிட மோசமா? புருசன கடலுக்குக் குடுத்துட்டு, ஒரு பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுற பொம்பளகிட்ட பாதைக்குக் காசு வாங்குனா அந்தப் பாதை வெளங்குமா? பொன்னி இந்தப் பாதையில போவட்டும், வரட்டும். ஆயுசுக்கும் அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

சனம் கை தட்டியது. மதில் ஓரத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரின் நல்ல மனதை எதிர்த்து ஒருத்தி எப்படி வாதாடுவாள்? ஆயுசுக்கும் என்று சொல்லிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

"சும்மா விட்டாங்கன்னா சந்தோசப்படேம்மா. எதுக்கு மூஞ்சிய இப்புடி வச்சிருக்கிற?" என்றாள் இசைவாணி. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. அம்மா செத்துப்போகிற நாளைப் பற்றி அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பொன்னி வண்டியைச் சார்ஜில் போட எழுந்து போனாள்.

அடுத்த மாதத் தண்டல் நாளன்று பழனிவேல் வழக்கம்போல் அவள் வாசலைத் தாண்டிப் போனான். பொன்னி நேரே லூர்துசாமி கடைக்குப் போனாள்.

"அண்ணே, ஒரு பாட்டில் பெட்ரோல் குடு."

"உனக்கெதுக்கும்மா பெட்ரோலு?"

"குடேன். காசு குடுக்குறேன்ல? எல்லார்கிட்டயும் வாங்குற மாதிரி, பாதைக் காசோட சேத்து எடுத்துக்க."

லூர்துசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மறு மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். மூன்றாவது முறை அவரால் பொறுக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லு. எவனுக்கு வாங்கிட்டுப் போற?"

"எனக்குத்தான். பாதைக் காச மட்டும் வாங்கிக்கோன்னா நீ வாங்குவியா?"

"பெட்ரோல் வாங்காதவகிட்ட அத எந்தக் கணக்குல வாங்குறது? அதுவும் உன்கிட்ட வாங்கக் கூடாதுன்னு ஊரே சொல்லியிருக்கு."

"அதான் பெட்ரோலோட வாங்குறேன். யார்கிட்டயும் சொல்லாதண்ணே."

வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு இல்லாத மாதத்திலும் அந்தப் பாட்டில் நிற்கவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். வாங்கியதை வேறு யாருக்காவது விற்றிருக்கலாம். அதையும் யோசித்தாள். ஆனால் தன்னிடம் வாங்குகிறவன் லூர்துசாமியிடம் ஒரு பாட்டில் குறைவாக வாங்குவான், ஊருக்கு வர வேண்டிய அவன் காசு வராமல் போகும், அப்போது தான் கட்டியது கட்டாத கணக்காகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் விற்கவில்லை. தேசிங்கின் பழைய பெரிய ஐஸ்பெட்டியைக் கொல்லையில், தென்னைமர நிழலில், மணலில் பாதி புதைத்து, பாட்டில்களை அதற்குள் அடுக்கினாள். மேலே சாக்கைப் போட்டு, அதற்கு மேல் மூடியைப் போட்டு மணலைத் தள்ளிவிட்டாள். பாதையில் கப்பி கொட்டிய தையில், வண்டியை நிறுத்தி, குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள். இதில் என் காசும் இருக்கிறது. ஊருக்குத் தெரியாது, அம்மனுக்குத் தெரியும். அந்த ஒரு நாள் அவளுக்கு நன்றாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற நேரத்தில் 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்தது. மார்கழிக் குளிரில், விடியும் முன்னே, காற்று ஊரைப் பிடித்து உலுக்கியது. பொன்னியும் மகளும் கட்டிலுக்கு அடியில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். வெளிச்சம் வந்தபோது கூரைகள் இல்லை, தென்னைகள் இல்லை, கரண்டுக் கம்பங்கள் தரையோடு தரையாகக் கிடந்தன. லூர்துசாமி கடை இருந்த இடத்தில் நான்கு கழிகள்தான் மிச்சம். பாட்டில்கள் எல்லாம் உப்பங்கழிக்குள் போய்விட்டன. மெயின் ரோடு வரை முந்திரி மரங்களும் வேப்ப மரங்களும் குறுக்கே விழுந்து கிடந்தன.

கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொன்னியின் பச்சை ஸ்கூட்டர் செத்துக் கிடந்தது. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் முதலில் அவளைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். இரண்டு நாளில் அவர்கள் வண்டியும் நின்றது. பங்க்கில் பெட்ரோலை மேலே இழுக்கும் மோட்டாருக்கும் கரண்டு வேண்டுமே! கரண்டு இல்லையென்றால் எல்லோரும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் சுரேந்தருக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் காலையில் கலியமூர்த்தி வீட்டிலிருந்து அலறல் கேட்டது. அவர் பெண்சாதி தில்லையம்மாள் இடிந்த சுவரிலிருந்து பாத்திரங்களை எடுக்கப் போயிருக்கிறாள். மிச்ச சுவரும் சரிந்து இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. தொடையில் எலும்பு வெளியே தெரிந்தது, ரத்தம் நிற்கவில்லை. போன் எதுவும் வேலை செய்யவில்லை, ஆம்புலன்சுக்கும் சொல்ல வழியில்லை. மெயின் ரோடு வரை மரத்தை வெட்டி வழி விட்டாயிற்று. சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக சுரேந்தரின் லோடு ஆட்டோ நிற்கிறது. டேங்க் காலி. கலியமூர்த்தி வீடு வீடாக ஓடினார். "ஒரு பாட்டில்... யாருகிட்டயாவது ஒரே ஒரு பாட்டில் இருக்குதா?" என்று கேட்ட அந்தக் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பொன்னி வாசலைத் தாண்டியும் ஓடினார். அவளிடம் கேட்கவில்லை. கரண்டு வண்டிக்காரியிடம் பெட்ரோல் எப்படி இருக்கும்?

"மாமா, நில்லுங்க!"

பொன்னி கொல்லைக்கு ஓடினாள். விழுந்து கிடந்த தென்னை மட்டையை இழுத்துப் போட்டு, கையாலேயே மணலைப் பறித்தாள். ஐஸ்பெட்டி மூடியைத் திறந்தபோது, பின்னாலேயே வந்த சுரேந்தர் வாயைப் பிளந்து நின்றான். வரிசை வரிசையாகப் பாட்டில். ஒன்றுகூட உடையவில்லை.

தில்லையம்மாள் பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். மிச்சப் பாட்டில்களும் வீணாகவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கொண்டுபோனார்கள், பரங்கிப்பேட்டையிலிருந்து அரிசியும் குடிதண்ணீரும் ஏற்றி வந்தார்கள். அந்த ஒரு வாரம் செல்லாண்டிக்குப்பத்தில் ஓடிய வண்டியெல்லாம் பொன்னியின் பெட்ரோலில் ஓடியது. அவள் வண்டி மட்டும் சும்மா நின்றது.

தை அமாவாசைக்குக் கோயில் வாசலில் கூட்டம். கோபுரத்துக் கலசம்கூட விழுந்திருந்தது. நிவாரணத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கலியமூர்த்தி எழுந்து நின்றார்.

"பொன்னி! முன்னால வாம்மா."

பேர் சொல்லிக் கூப்பிட்டார். வரிக்காரரைத் திருவிழாவில் கூப்பிடுகிற மாதிரி, அம்மன் வாசலில், ஊர் கேட்க. பொன்னி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இசைவாணியின் கையை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள்.

"இந்தப் புள்ள எதுக்குப் பெட்ரோலு வாங்கி வச்சுச்சுன்னு கேட்டேன். லூர்துசாமிதான் சொன்னாரு. பாதைக் காசு குடுக்கணுங்கிறதுக்காக மாசா மாசம் வாங்கியிருக்கு. ஊரு வேணாம்னு சொல்லியும் கேக்காம, கஞ்சிக்கு வச்சிருந்த காசுல..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் பலருக்கும் கண் நிறைந்துவிட்டது.

பொன்னி அப்போதுதான் சொன்னாள். ஐந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"மாமா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என்னிய வரியில சேத்துக்குங்க. எல்லாருக்கும் என்னா வரியோ அதையே கட்டுறேன். ராசம்மா அக்கா செத்தன்னிக்குப் போட்டெல்லாம் போச்சே மாமா... நான் செத்தன்னிக்குப் போவக் கூடாது. என் மவ அந்தச் சத்தத்தக் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பழனிவேல் தரையைப் பார்த்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஊர் அவள் பக்கம் சாய்ந்துவிடும்போல் இருந்தது. பிறகு கலியமூர்த்தி அவள் தலையில் கை வைத்தார்.

"சாவப் பத்தி ஏம்மா பேசுற? நீ நல்லா இருப்ப. எங்க எல்லாருக்கும் உசுரு குடுத்தவ நீ. உன் தலையில வரியத் தூக்கி வச்சா எங்க புள்ள குட்டிங்க நல்லா இருக்குமா? பொம்பளைக்கு வரிங்கிறது நம்ம வழக்கத்துலயும் இல்ல. உனக்கு எதுக்கு அந்தப் பாரம்? நாங்க இருக்கோம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இந்தப் புள்ளகிட்ட ஊரு பாதைக் காசு வாங்கிச் சாப்புட்டிருக்கு. தெரியாமதான் வாங்குனோம். ஆனா பாவம் பாவந்தான். பெட்ரோலுக்கு ஆன காசு, அதோட பாதைக் காசு, ஒரு பைசா விடாம இப்பவே திருப்பிக் குடுத்துடணும்."

"ஆமாமா, குடுத்துடணும்" என்றது கூட்டம்.

"வேணாம் மாமா. அத மட்டும் குடுக்காதீங்க. அது கட்டுனதாவே இருக்கட்டும்" என்று பொன்னி கெஞ்சினாள். தன்னடக்கத்தைப் பார் என்று பெண்கள் உருகினார்கள். பழனிவேல்தான் பணத்தைக் கொண்டுவந்தான். அவள் கையை விரித்து, பணத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். "நீங்களே வச்சுக்குங்க அண்ணி" என்றான். எத்தனையோ மாதங்களில் சேர்த்துச் சேர்த்து ஊருக்குள் அவள் வைத்திருந்தது எல்லாம் அவள் உள்ளங்கைக்கே திரும்பி வந்துவிட்டது.

இசைவாணி ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவள், சந்தோஷப்படு என்று சொல்லவில்லை. வீடு வரை கையை விடாமல் நடந்து வந்தாள்.

தை கடைசியில் கரண்டு வந்தது. பேட்டரி முன்போல் தாங்கவில்லை என்றாலும் ஸ்கூட்டர் உயிர் பிழைத்தது. மாசி மாதத் தண்டல் நாளன்று பழனிவேல் அவள் வாசலைத் தாண்டிப் போகும்வரை பொன்னி உள்ளேயே இருந்தாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு லூர்துசாமியின் புதுக் கடைக்குப் போனாள். தகரக் கூரை போட்டிருந்தார். பாட்டில்கள் பழையபடி வரிசையாக நின்றன.

"ஒரு பாட்டில் குடுண்ணே."

லூர்துசாமி சிரித்த முகமாக எடுத்து நீட்டினார். அவள் கொடுத்த பணத்திலிருந்து இரண்டு ரூபாயை எடுத்துத் திரும்ப அவள் கையில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"தலைவர் கண்டிசனா சொல்லிட்டாரும்மா. நீ பெட்ரோலே வாங்குனாலும் பாதைக் காசு போடக் கூடாதாம். இனிமே உனக்கு மட்டும் வெல கொறைச்சல்!" ஒரு நல்ல சேதியைத் தன் வாயால் சொல்லக் கிடைத்த சந்தோஷம் அவர் முகம் முழுக்க இருந்தது. "ஊரே உன்னிய எப்புடி வச்சிருக்கு பாத்தியா?"

பொன்னி அந்த நாணயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரைப் பக்கம் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. பாட்டிலை மெதுவாகப் பலகை மேல் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

"பொன்னி, பாட்டில எடுத்துக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே லூர்துசாமி வெளியே வந்தார். அவள் அதற்குள் பாதையில் வெகு தூரம் போயிருந்தாள். போனது அவருக்குத் தெரியவில்லை. அந்த வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே.